சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பு: மகன் இப்போது நாலாவது, எப்போது தொடங்குவது?

தாராபுரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். பையன் நாலாவது படிக்கிறான். 2016 ஆகஸ்டில் பிறந்தவன். பொங்கல் லீவில் அமராவதி அணைக்குப் போனோம். திரும்பும்போது, பிள்ளைகளை ராணுவ அதிகாரிகளாகத் தயார்படுத்தும் விடுதிப் பள்ளியான சைனிக் பள்ளியின் வாசலில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஆறாம் வகுப்பில் அங்கே சேர்க்க வேண்டும்.

பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முழுவதும் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். பள்ளியில் பெயர் மட்டும் இருந்தால் போதும், போகவே வேண்டாம் என்கிறார்கள். ஏப்ரலுக்குள் முன்பணம் கட்டினால் சலுகை. மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. நான் தாமதம் செய்கிறேனா, இல்லை அவசரப்படுகிறேனா என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேடட்

அமராவதி நகர் சைனிக் பள்ளியில் ஏழு வருடம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

எல்லோரும் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது பிறந்த தேதியிலிருந்து. ஆறாம் வகுப்புக்கு, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று வயது 10க்கும் 12க்கும் இடையில் இருக்க வேண்டும். 2027-28 சேர்க்கை என்றால் 2015 ஏப்ரல் 1 முதல் 2017 மார்ச் 31 வரை பிறந்தவர்கள் எழுதலாம். உங்கள் பையன் உள்ளே வருகிறான். அதற்கு அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கும் அவன் வயது பொருந்தும், அப்போது வரம்பு 2016 ஏப்ரல் 1லிருந்து தொடங்கும். அதாவது அவனுக்கு இரண்டு வாய்ப்பு. ஒரே ஒரு ரயில்தான், விட்டால் போச்சு என்று பயிற்சி மையம் சொல்வதை நம்ப வேண்டாம். இரண்டாவது முறை எழுதிச் சேர்ந்தால் ஆறாம் வகுப்பை இன்னொரு தடவை படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். என் வகுப்பிலேயே அப்படிச் சிலர் இருந்தார்கள். யாரும் கேலி செய்ததாக நினைவில்லை. வயதில் மூத்தவன் என்பதால் கால்பந்து அணியில் எடுத்துக்கொண்டார்கள்.

தேர்வு வழக்கமாக ஜனவரியில். 2026ல் ஜனவரி 18 அன்று நடந்தது, விண்ணப்பம் 2025 அக்டோபரிலேயே திறந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் கடைசியில்தான் திறந்தார்கள், தேர்வு 2025 ஏப்ரல் 5க்குப் போனது. அதனால் செப்டம்பரிலிருந்தே வாரம் ஒரு தடவை தேர்வுக்கான இணையதளத்தைப் பார்த்து வையுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் தேதியை நம்பி இருக்காதீர்கள்.

தேர்வை நடத்துவது என்டிஏ, தேசியத் தேர்வு முகமை. பையன்கள் பன்னிரண்டு முடித்துப் போக ஆசைப்படுவதும் என்டிஏ, கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என் பாட்டி கடைசி வரைக்கும் நான் பதினோரு வயதிலேயே என்டிஏ பாஸ் பண்ணிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் (எங்கள் காலத்தில் தேர்வை நடத்தியது அவர்கள்கூட இல்லை).

வழிப்போக்கன்

பத்து வயதுப் பிள்ளையை எதற்கு சார் விடுதியில் தள்ள வேண்டும்? பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளியே இல்லையா?

தாராபுரத்தான்

தள்ளவில்லை சார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு டீச்சர்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் எடுக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் நிறையப் பேர் இந்தத் தேர்வை எழுதியிருக்கிறார்கள், சிலர் சேர்ந்தும் இருக்கிறார்கள். தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

மொத்தம் 300 மதிப்பெண். அதில் கணக்கு மட்டும் 150, ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றிலும் தலா 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். தவறான விடைக்குக் கழிப்பு கிடையாது, ஆகவே விடைத்தாளில் ஒரு வட்டத்தைக்கூட வெறுமையாக விடக் கூடாது. ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதமும் மொத்தத்தில் 40 சதவீதமும் குறைந்தபட்சம் வேண்டும் (எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு இந்த வரம்பு இல்லை). ஆனால் அது வாசல்படி மட்டும்தான். இடம் கிடைப்பது தரவரிசையில்.

125 கேள்விக்கு 150 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 வினாடி. இங்கேதான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தடுக்கி விழுகிறார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண் ஒருத்தி, ஒவ்வொரு கணக்கையும் அழகாகப் படிப்படியாக எழுதிப் பழகியவள், மாதிரித் தேர்வில் முப்பதாவது கணக்கோடு நின்றுவிட்டாள். அவளுக்குக் கணக்கு சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. வராத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லித்தர எனக்கு மூன்று மாதம் ஆனது.

இன்னொன்று. நம் சமச்சீர்ப் புத்தகத்தை மட்டும் நம்பினால் போதாது. லாப நட்டம் ஆறாம் வகுப்பில்தான் வருகிறது, தனி வட்டி ஏழாம் வகுப்பில். இந்தத் தேர்வில் இரண்டுமே கேட்பார்கள். ரோமன் எண், மீச்சிறு பொது மடங்கு, சராசரி, கோணங்கள், கனஅளவு எல்லாம் உண்டு. நாலாவது முடிந்த கோடை விடுமுறையில் வாய்ப்பாடும் பின்னமும் உறுதியானால் போதும். மற்றதை ஐந்தாம் வகுப்பில் தினம் ஒரு மணி நேரம் வைத்து முடித்துவிடலாம். ஒரு மணி நேரம்தான் சொல்கிறேன், ஐந்து மணி நேரம் இல்லை.

ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் சேர்ந்த பிறகு எல்லாமே ஆங்கில வழி, சிபிஎஸ்இ. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை என்றால் தேர்வு முடிந்ததும் ஜூன் வரைக்கும் ஆங்கிலம் வாசித்துப் பழகட்டும். தேர்வுக்கு முன்னால் அதைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ரெண்டு பிள்ளை அம்மா

தங்கிப் படிக்கும் பயிற்சி மையம் பற்றி நான் சொல்ல வேண்டும். என் பெரியவனை அப்படி ஒன்றில் சேர்த்தோம். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை வினாத்தாள், வினாத்தாள், வினாத்தாள். நாலு மாதத்தில் என்ன கற்றுக்கொண்டான் தெரியுமா? கேள்வியைப் படிக்காமலே விடைகளைப் பார்த்து எது சரியாக இருக்கும் என்று ஊகிப்பது. தீபாவளிக்கு வந்தவன் திரும்பப் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவர் கோபத்தில் இழுத்தார், நான் நடுவில் போய் நின்றேன். அந்த நாளை இன்னும் நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

தேர்வு எழுதினான், தேறவில்லை. அதுகூடப் பரவாயில்லை. விடுதி என்றாலே அவனுக்கு அந்த மையம்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையான விடுதிப் பள்ளி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் முன்பே வெறுத்துவிட்டான்.

சின்னவளை நாங்கள் எதுவும் செய்யவில்லை. அவளாகவே வந்து கேட்டாள். 2021லிருந்து எல்லா சைனிக் பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே படித்தாள். இப்போது எட்டாவது படிக்கிறாள், அமராவதியில் இல்லை, வேறு மாநிலத்தில். லீவுக்கு வந்தால் என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு "இதெல்லாம் மடிப்பா?" என்கிறாள்.

வழிப்போக்கன்

மேடம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நான் சொன்னால் குற்றம்.

பழைய கேடட்

நீங்கள் கேள்வியாகக் கேட்டீர்கள் சார், அவர் நடந்ததைச் சொன்னார். வித்தியாசம் இருக்கிறது.

சின்னவள் தானாகவே வந்து கேட்டாள் என்று அவர் சொன்னதைத் தாராபுரத்தான் இன்னொரு தடவை படிக்க வேண்டும். நான் போனது என் அப்பாவின் ஆசையால். முதல் ஆறு வாரம் இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவனும் அழுதான் என்பது எனக்குப் பத்து வருடம் கழித்து அவன் கல்யாணத்தில்தான் தெரிந்தது. அப்புறம் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பிரிவில் இரண்டு பேர் முதல் வருடமே திரும்பிப் போனார்கள். இருவருமே கணக்கில் என்னைவிடக் கெட்டி.

அதனால் வாய்ப்பாட்டோடு சேர்த்து இதையும் பழக்குங்கள்: தன் துணியைத் தானே துவைப்பது, ஷூவுக்குத் தானே பாலிஷ் போடுவது, பொருள் தொலைந்தால் அழாமல் தேடுவது, உடம்பு சரியில்லை என்றால் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல்வது. இந்தக் கடைசிதான் முக்கியம். காய்ச்சலை மூன்று நாள் மறைத்து வைத்திருந்து பரேடில் மயங்கி விழுந்தவனைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அம்மா நெற்றியைத் தொட்டுக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே இவனாகப் போய்ச் சொன்னால்தான் தெரியும்.

காரைக்கால் காற்று

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மத்திய அரசின் விடுதிப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் கிடையாது, எங்கள் பக்கம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கிறது. என் மகள் அங்கே படிக்கிறாள். இந்தப் பக்கம் வேலை மாற்றலாகி வருபவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

நவோதயாவில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் ஆறாம் வகுப்புத் தேர்வை ஒரே முறைதான் எழுத முடியும். ஐந்தாம் வகுப்பை அதே மாவட்டத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இடங்களில் குறைந்தது 75 சதவீதம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அதில் வர வேண்டும் என்றால் 3, 4, 5 மூன்று வகுப்பையும் கிராமப்புறப் பள்ளியில் முழுதாகப் படித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மகனை நாலாவதில் டவுன் பள்ளிக்கு மாற்றிவிட்டு, ஐந்தாவதில் திரும்பக் கொண்டுவந்தார். கிராம ஒதுக்கீடு போய்விட்டது. அவருக்கு விதி தெரிந்ததே விண்ணப்பம் நிரப்பும் அன்றுதான்.

தேர்வு சின்னதுதான். இரண்டு மணி நேரம், 80 கேள்வி, 100 மதிப்பெண், அதில் பாதி மனத்திறன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதிப் பிள்ளைகளை வேறு மொழி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு ஒரு வருடம் அனுப்புவார்கள். அதையும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

தாராபுரத்தான்

எல்லோருக்கும் நன்றி. முன்பணம் கட்டவில்லை. டேராடூனில் இருக்கும் ராணுவக் கல்லூரி பற்றி யாராவது சொல்ல முடியுமா? நண்பர் ஒருவர் சைனிக் கிடைக்காவிட்டால் அது என்கிறார்.

பழைய கேடட்

டேராடூன் ராணுவக் கல்லூரியான ஆர்ஐஎம்சியை "கிடைக்காவிட்டால் அது" என்று சொல்லும் முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். 1922ல் தொடங்கியது. நாடு முழுவதிலிருந்தும் ஒரு பருவத்துக்குச் சுமார் 25 பேரைத்தான் எடுக்கிறார்கள்.

அது எட்டாம் வகுப்புச் சேர்க்கை. வயது பதினொன்றரைக்குக் குறையக் கூடாது, 13 ஆகியிருக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு தேர்வு: ஜூனில் எழுதினால் ஜனவரியில் சேர்க்கை, டிசம்பரில் எழுதினால் ஜூலையில். உங்கள் பையனுக்கு 2028 ஜூலை, 2029 ஜனவரி, 2029 ஜூலை என்று மூன்று பருவத்துக்கு வயது பொருந்தும். ஆங்கிலம் 125, கணக்கு 200, பொது அறிவு 75, தேறியவர்களுக்கு நேர்காணல் 50. அமராவதியில் நேர்காணல் கிடையாது, இங்கே உண்டு. தமிழ்நாட்டில் இந்தத் தேர்வை நடத்துவது டிஎன்பிஎஸ்சி. விண்ணப்பப் படிவத்தைக் கல்லூரியிடமிருந்தே பணம் கட்டி வாங்க வேண்டும், நகல் எடுத்து அனுப்பினால் செல்லாது. தபாலுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

அதுவும் இல்லையென்றால் சைனிக்கில் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை இருக்கிறது, வயது 13 முதல் 15. அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும், 400 மதிப்பெண். காலியிடம் கொஞ்சம்தான் இருக்கும். ஆக, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு ஜனவரிக் காலை இல்லை, நாலு வருடம். இதை பையனிடமும் சொல்லிவிடுங்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா

சான்றிதழ் பற்றி யாருமே பேசவில்லையே. நாங்கள் பட்ட பாடு படிப்பில் பாதி, பேப்பரில் பாதி.

சைனிக் பள்ளியில் 67 சதவீத இடம் அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. அதற்கு இருப்பிடச் சான்று வேண்டும். ஓபிசி ஒதுக்கீடு 27 சதவீதம். நம் ஊரில் பிசி, எம்பிசி என்று வாங்கி வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்டது. வருமான வரம்பு எட்டு லட்சம். இந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது பலருக்குத் தெரியாமல், நமக்குக் கிடைக்காது என்று பொதுப்பிரிவில் போட்டுவிடுகிறார்கள் (அரசு வேலையில் இருப்பவர்களுக்குப் பதவியைப் பொறுத்துத் தனி விதி உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்). எங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இ-சேவை மையத்தில் பதிவதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. ஆதாரில் முன்னால் இருந்தது. பள்ளியில் பின்னால் போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் ஒன்றை எழுதினால் மற்ற இரண்டும் இடிக்கும். தப்பு எங்களுடையதுதான், ஒவ்வொரு இடத்திலும் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொல்லி எழுதியிருக்கிறோம். திருத்த இரண்டரை மாதம். இப்போதே மூன்றையும் எடுத்து மேஜையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு டீச்சர்

கண் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. என்னிடம் படித்த ஒருவன் நல்ல ரேங்க் வாங்கிவிட்டு அங்கே போய் நின்றான். நிறக்குருடு. அதுவரை அவனுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. ஒரு கண் மருத்துவரிடம் முன்பே பத்து நிமிடம் காட்டியிருந்தால் அந்த ஒரு வருட எதிர்பார்ப்பு இருந்திருக்காது. பல்லும் காதும்கூடப் பார்த்துவிடுங்கள்.

வழிப்போக்கன்

கட்டணம் பற்றியும் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்று நினைத்து இலவசம் என்றே பலர் நம்புகிறார்கள்.

பழைய கேடட்

நல்ல கேள்வி. இலவசம் இல்லை. ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும், ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் ஏறும். பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அது கைக்கு வரத் தாமதமாகலாம். முதல் ஆண்டுப் பணத்தை உதவித்தொகையை நம்பாமல் ஒதுக்கி வைத்துவிடுங்கள். பயிற்சி மையத்துக்குக் கட்டாத முன்பணம் அதற்கு ஆகும்.

தாராபுரத்தான்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். இதுவரை நடந்தது.

மூன்று சான்றிதழையும் மேஜையில் வைத்தோம். ரெண்டு பிள்ளை அம்மா சொன்னது போலவேதான். ஆதாரில் இனிஷியலுக்குப் பின் புள்ளி, பள்ளியில் புள்ளி இல்லாமல், பிறப்புச் சான்றிதழில் அவன் பெயரே ஓர் எழுத்து வேறு. திருத்தத்துக்குக் கொடுத்தாயிற்று. ஓபிசி சான்றிதழும் விண்ணப்பித்திருக்கிறோம். கண் பார்த்தாயிற்று, பிரச்சினை இல்லை.

கோடை விடுமுறையில் உடுமலையில் பெரியம்மா வீட்டில் ஒரு வாரம் தனியாக விடுவது என்று மனைவி சொன்ன யோசனை. மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்குப் போன். கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுகை. நான் சாவியை எடுத்துவிட்டேன். மனைவிதான், முதலில் இருந்தே வேண்டாம் என்றவள்தான், காலையில் பேசலாம் என்று அவனிடம் சொன்னாள். காலையில் அவனாகவே, இருக்கிறேன் என்றான். ஏழு நாளும் இருந்தான். துணியும் துவைத்தானாம், பெரியம்மா மறுபடி துவைத்தாராம்.

நேற்று நேரடியாகவே கேட்டேன். உனக்கு அந்தப் பள்ளிக்குப் போக ஆசையா, எனக்காகச் சொல்லாதே என்று. யோசித்துவிட்டு, எழுதிப் பார்க்கிறேன், ஆனால் போவதா இல்லையா என்பதை ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன் என்றான். சரி என்றேன். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டான், எனக்கு விடை தெரியவில்லை. அணைப் பக்கம் முதலைப் பண்ணை இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை அங்கே போக விடுவார்களா?

பழைய கேடட்

ஏழு வருடத்தில் எங்களை இரண்டு தடவை கூட்டிப்போனார்கள். வரிசையில்தான். அதையும் உள்ளபடியே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

புள்ளியை மறக்காதீர்கள். திருத்தி வந்ததும் மூன்றையும் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.